ரெசின் தாயக்கட்டைக்கு வீட்டிலேயே சிலிகோன் அச்சு

முதலில் மாதிரிக் கட்டையைப் பளபளவென்று மெருகேற்றுங்கள், அதிலுள்ள கீறல் ஒவ்வொன்றையும் சிலிகோன் அப்படியே பிரதியெடுத்துவிடும். கண்ணாடித் துண்டில் இருபக்க டேப் ஒட்டி, கட்டையின் ஒரு முகத்தை அதில் அழுத்தி, அடி வெட்டிய யோகட் கப்பைச் சுற்றி வைத்து ஓரத்தை க்ளூ கன்னால் அடையுங்கள்.

பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகை சிலிகோன் நல்லது, ஆனால் அதற்குக் கந்தகம் ஆகவே ஆகாது, பட்டால் இறுகாது. கந்தகம் கலந்த லேட்டக்ஸ் கையுறையோடு செய்த என் முதல் அச்சு இரண்டு நாளாகியும் பிசுபிசுவென்றே கிடந்தது. இப்போது நைட்ரைல்தான்.

சிலிகோனின் இரண்டு பாகங்களையும் தராசில் நிறுத்து, லேபிளில் உள்ள விகிதப்படி மெதுவாகக் கலக்குங்கள். கொழும்பில் பகல் 30 பாகையைத் தாண்டினால் கலவை சீக்கிரமே இறுகத் தொடங்கும், அதனால் நான் விடியற்காலையில்தான் ஊற்றுவேன். ஒரு மூலையில், உயரத்திலிருந்து நூல் போல ஊற்றினால் குமிழிகள் உடையும்.

இறுகியதும் புரட்டி டேப்பை உரியுங்கள், கட்டை உள்ளேயே இருக்கட்டும். சிலிகோன் பரப்பில் மட்டும் மெல்லியதாக வாஸ்லின் பூசி, விளிம்புக்குத் தடுப்புக் கட்டி, மூடிக்கான சிலிகோனை ஊற்றுங்கள். பூச மறந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், அப்புறம் பிளேடுதான் கதி.