விறகு அடுக்க ஒரு மர ஸ்டாண்டு: புறவாசலுக்கு நாமே செய்துகொள்ளலாம்

கேஸ் அடுப்பு வந்த பிறகும் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் விறகுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது. வெந்நீர் போட வேண்டும், நெல் அவிக்க வேண்டும், தைப்பொங்கலன்று வாசலில் அடுப்புக்கட்டி வைத்துப் பொங்கலிட வேண்டும். ஆனால் அந்த விறகைப் பெரும்பாலும் மதில் ஓரத்து வெறுந்தரையில்தான் குவித்து வைக்கிறோம். அடியில் கிடப்பதைக் கரையான் தின்கிறது, நடுவில் கிடப்பது புழுங்குகிறது, மேலே கிடப்பது ஐப்பசி மழையில் ஊறுகிறது. ஈர விறகை வைத்தால், தீயின் சூட்டில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். சமைப்பவர் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அது யாருக்கும் வேண்டாம்.

நன்றாக எரிய விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு வெயில் மட்டும் போதாது, ஊடே காற்று ஓட வேண்டும். விறகு தரையைத் தொடாமல், தலை நனையாமல், நாலு பக்கமும் காற்றோட்டமாக இருக்க ஒரு ஸ்டாண்டு போதும். மரவேலையே செய்யாதவரும் ஓர் உதவியாளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

மரமும் சாமானும்

அளவு இதுதான்: நீளம் 4 அடி, அகலம் ஒன்றரை அடி, முன்பக்க உயரம் 4½ அடி, பின்பக்க உயரம் 4 அடி. மரக்கடையில் 3க்கு 2 அங்குலச் சட்டம் 35 அடியும், 2க்கு 1 ரீப்பர் 20 அடியும் கேளுங்கள். 3 நூல் (அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு) கனத்தில் 5 அங்குல போல்ட் 8, அவற்றுக்கு நட்டும் வாஷரும், மூன்றரை அங்குல ஸ்க்ரூவும் இரண்டு அங்குல ஸ்க்ரூவும் கொஞ்சம், 5 அடிக்கு 2½ அடி தகரம் ஒன்று. கருவிகளில் கைரம்பம், டிரில், டேப், மூலைமட்டம், ரசமட்டம் இருந்தால் போதும்.

இதற்குத் தேக்கு வாங்குவது வீண் செலவு. வேம்பு போதும். பழைய ஓட்டு வீடு இடிக்கும் இடத்தில் வைரம் பாய்ந்த பனங்கை கிடைத்தால் கால்களுக்கு அதைவிட நல்ல மரம் இல்லை. ஆனால் பனஞ்சிராய் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஸ்க்ரூ போடும் முன் டிரில்லால் துளையிட்டுக்கொள்ளுங்கள். சரக்குப் பெட்டிகளைப் பிரித்தெடுத்த மெல்லிய மரம் மட்டும் வேண்டாம். முதலில் அதைத்தான் செல் அரிக்கும்.

அறுப்பதும் பூட்டுவதும்

சட்டத்தில் 4½ அடியில் இரண்டு, 4 அடியில் இரண்டு அறுங்கள்; இவை கால்கள். படுக்கைச் சட்டத்துக்கு 4 அடியில் மூன்று, குறுக்குச் சட்டத்துக்கு ஒன்றரை அடியில் இரண்டு. கால்களின் அடிமுனையில் அரை அடி உயரத்துக்குத் தார் பூசிக் காயவிடுங்கள். அறுத்த முனைதான் ஈரத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் அடிப்பாகத்திலும் தார் இறங்க வேண்டும்.

இப்போது ஒரு முன்காலையும் ஒரு பின்காலையும் தரையில் கிடத்துங்கள். காலின் மூன்றங்குல முகம் மேலே பார்க்கட்டும். வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு ஒன்றரை அடி இருக்கட்டும். அடிமுனையிலிருந்து 4 அங்குலம் விட்டுக் குறுக்குச் சட்டத்தை வைத்து, மூட்டுக்கு இரண்டு போல்ட் போட்டு முடுக்குங்கள். மேலே, பின்காலின் தலைக்குச் சற்றுக் கீழே, ஒன்றரை அடி ரீப்பரால் இரு கால்களையும் இணையுங்கள். இதேபோல இன்னொரு பக்கச் சட்டகம். இரண்டிலும் குறுக்குச் சட்டம் உட்பக்கம் வர வேண்டும்.

இரண்டையும் நிமிர்த்தி எதிரெதிரே நிறுத்தி, குறுக்குச் சட்டங்களின் மேல் மூன்று படுக்கைச் சட்டங்களையும் குத்துவாக்கில், அதாவது மூன்றங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி, வையுங்கள். ஒன்று முன்கால்களை உட்பக்கமாக ஒட்டி, ஒன்று பின்கால்களை ஒட்டி, ஒன்று நடுவில். ஓரத்துச் சட்டங்களைக் கால்களோடு மூன்றரை அங்குல ஸ்க்ரூவால் பிணைத்து, நடுச்சட்டத்தைச் சாய்வாக ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். இந்த அமைப்பில் பாரம் குறுக்குச் சட்டத்தின் மேல் உட்காரும், ஸ்க்ரூவில் தொங்காது. சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கினால் இந்த ஸ்டாண்டு கால் டன் சுமக்க வேண்டியிருக்கும், அதனால் இந்த இடத்தில் சுருக்குவழி கூடாது.

முன்கால்களின் தலையில் ஒரு 5 அடி ரீப்பர், பின்கால்களின் தலையில் ஒன்று. பிறகு பின்பக்கத்தில் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் சமமாக வரும்வரை தட்டிச் சரிசெய்து, அப்படியே ஒரு ரீப்பரை மூலைக்கு மூலை சாய்வாக அடியுங்கள். அது இல்லையென்றால் ஸ்டாண்டு நாளடைவில் ஒருபக்கமாகச் சாயும். கடைசியில் தகரம், எல்லாப் பக்கமும் அரையடி நீட்டி. மழைத்தண்ணீர் பின்னால் வடியும்.

எங்கே, எப்படி நிறுத்துவது

காலுக்கு இரண்டு செங்கல் படுக்கையாக வைத்து, ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். கரையான் ஈரமில்லாமல் வாழாது. தரையிலிருந்து மண்ணால் குழாய் கட்டிக்கொண்டுதான் மேலே ஏறும். செங்கல்லின் மேல் விரல் கனத்தில் ஒரு மண்வரி தெரிந்தால், அன்றே சுரண்டிவிட வேண்டும். இதற்காகத்தான் செங்கல்லைச் சுற்றிச் சருகு சேரவிடக் கூடாது, மதிலிலிருந்தும் ஓரடி தள்ளி நிறுத்த வேண்டும். விறகின் மேல் கரையான் மருந்து தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாளை அது அடுப்பில் எரிந்து மூச்சில் கலக்கும்.

திசையும் முக்கியம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்றுதான் ஆனி, ஆடியில் நம் விறகையும் காயவைக்கப் போகிறது. அதனால் திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் பக்கம் முன்முகம் மேற்கே பார்க்கட்டும். வடகிழக்கு மழை தாழ்ந்த முதுகுப் பக்கம் அடிக்கும், ஐப்பசியில் அங்கே ஒரு பனையோலைத் தட்டி கட்டினால் போதும். சாரல் விழும் தென்காசி, குற்றாலம் பக்கத்தில் முதுகை மேற்கே திருப்புங்கள். எந்த ஊரானாலும் தார்ப்பாயால் முழுக்கச் சுற்றிக் கட்டாதீர்கள், உள்ளே பூஞ்சைதான் பிடிக்கும்.

பெருங்கட்டைகளைப் பிளந்து கீழேயும், சுள்ளி, கொதும்பு, பனைமட்டையை மேலேயும் அடுக்குங்கள். சித்திரையில் அடுக்கியதை ஐப்பசிக்கு முன் சோதித்துப் பாருங்கள்: காய்ந்த விறகின் முனையில் நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்கும், இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். ஈரமானது மொத்தென்று ஒலிக்கும்.

விறகு எடுக்கும்போது ஒரு கம்பால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். தேளும் பூரானும் இடுக்கில் ஒதுங்கியிருக்கும். புது மரம் காயக் காயச் சுருங்கும் என்பதால் முதல் கோடை முடிந்ததும் எட்டு போல்ட்டுகளையும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.