அல்ட்ராவைடா, 240 ஹெர்ட்ஸா? மானிட்டர் வாங்கும் முன் போடவேண்டிய கணக்கு

1920×1080 ரெசல்யூஷனில் (1080பி) ஒரு கேம் விநாடிக்கு 240 ஃபிரேம், அதாவது 240 படம், ஓடினால், கிராபிக்ஸ் கார்டு அந்த ஒரு விநாடியில் சுமார் 49.8 கோடி பிக்சல் வரைகிறது. 3440×1440 அல்ட்ராவைடில், அதாவது வழக்கமான 16:9 திரையைவிட அகலமான 21:9 மானிட்டரில், 100 ஃபிரேம் ஓடினால் 49.5 கோடி. ஏறக்குறைய ஒரே உழைப்பு. அதை அகலத்துக்குக் கொடுப்பதா, வேகத்துக்குக் கொடுப்பதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வளைவு, பேனல், பின்னால் எரியும் கலர் லைட் எல்லாம் அப்புறம்.

இரண்டும் சேர்ந்த 34 இன்ச், 165 அல்லது 175 ஹெர்ட்ஸ் அல்ட்ராவைடுகள் இப்போது நிறையவே கிடைக்கின்றன. ஆனால் ஹெர்ட்ஸ் என்பது மானிட்டர் விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்ற எண், பெட்டியில் போட்டிருக்கும் 175 அதன் உச்சம். கார்டு 80 ஃபிரேம்தான் தருகிறது என்றால் விநாடிக்கு 80 புதிய படம்தான் கண்ணுக்கு வரும். எனவே பணத்தை எடுக்கும் முன் இப்போதுள்ள கம்ப்யூட்டரில் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும்.

சோதனை 1: கார்டு தாங்குமா?

1080பி மானிட்டரை வைத்துக்கொண்டே அல்ட்ராவைடின் சுமையைக் கார்டின்மேல் ஏற்றிப் பார்க்கலாம். என்விடியா கார்டு என்றால் கன்ட்ரோல் பேனலில் ‘மேனேஜ் 3டி செட்டிங்ஸ்’ போய், ‘டிஎஸ்ஆர் ஃபேக்டர்ஸ்’ (திரையைவிடப் பெரிய ரெசல்யூஷனில் கேமை வரையவைக்கும் வசதி) வரிசையில் 1.78, 2.25 இரண்டையும் டிக் செய்யுங்கள். கேமுக்குள் ரெசல்யூஷன் பட்டியலில் 2560×1440, 2880×1620 இரண்டும் புதிதாக வந்திருக்கும். வரவில்லை என்றால் பெரும்பாலும் கேம் பார்டர்லெஸ் முறையில், அதாவது முழுத்திரை போலத் தெரியும் ஜன்னலில், ஓடுகிறது என்று பொருள். முழுத்திரைக்கு மாற்றுங்கள், அல்லது விண்டோஸ் டெஸ்க்டாப்பின் ரெசல்யூஷனையே உயர்த்திவிட்டு கேமைத் திறங்கள். ஏஎம்டி கார்டில் இதே வசதிக்கு ‘விர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன்’ என்று பெயர்.

2880×1620 என்பது 46.7 லட்சம் பிக்சல். 3440×1440 அல்ட்ராவைடு 49.5 லட்சம். அதனால் 2880×1620இல் வரும் ஃபிரேம் எண்ணிக்கையில் ஐந்து, ஆறு சதவீதம் கழித்தால் அல்ட்ராவைடில் கிடைக்கப்போவது தெரிந்துவிடும். உண்மையில் இன்னும் கொஞ்சம் குறையலாம். அகலத் திரையில் பக்கவாட்டுக் காட்சியும் சேர்ந்து வருவதால் வரையவேண்டிய மரம், கட்டடம், ஆட்கள் எல்லாமே கூடுதல். இந்தச் சோதனையில் அது தெரியாது.

கேமோடு வரும் பெஞ்ச்மார்க்கை (வேகச் சோதனையை) நம்பி நிறுத்திவிடாதீர்கள். கூட்டமான இடத்தில், சண்டை நடக்கும்போது, குறைந்தது பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். சராசரி 90 என்று காட்டும், ஆனால் நடுநடுவே 35க்கு விழுந்து இழுக்கும். கார்டின் வீடியோ மெமரி நிரம்பியதன் அடையாளமாக அது இருக்கலாம். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கினாலே பல சமயம் சரியாகிவிடும்.

சோதனை 2: பிராசஸர் தாங்குமா?

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மற்ற செட்டிங் எதையும் தொடாமல் ரெசல்யூஷனை மட்டும் 1280×720க்கு இறக்குங்கள். 1080பியில் 130 ஃபிரேம் வந்தது, 720பியில் 200க்கு ஏறுகிறது என்றால் தடை கார்டில் இருக்கிறது. 130 வந்தது 135 ஆனதோடு நின்றுவிட்டால் தடை பிராசஸர். அங்கே 240 ஹெர்ட்ஸ் மானிட்டரைக் கொண்டுவந்து வைத்தாலும் 135தான். புதிய கார்டு போட்டாலும் 135தான்.

இதில் அல்ட்ராவைடுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. பிராசஸர் தடையாக இருக்கும் கம்ப்யூட்டரில் கார்டு பாதி நேரம் சும்மா இருக்கிறது. பிக்சல் எண்ணிக்கையைக் கூட்டினால் அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் முதலில் செலவாகும், ஃபிரேம் அவ்வளவாகக் குறையாது. பழைய பிராசஸரும் நல்ல கார்டும் வைத்திருப்பவர்களுக்கு அல்ட்ராவைடு ஏறக்குறைய இலவசம்.

வேகத்தின் லாபம் எங்கே தேய்கிறது

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லிவிநாடி நிற்கிறது. 144இல் 6.9, 240இல் 4.2, 360இல் 2.8. கழித்துப் பாருங்கள்: 60இலிருந்து 144க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிவிநாடி லாபம், 144இலிருந்து 240க்கு 2.8, அங்கிருந்து 360க்கு வெறும் 1.4. முதல் தாவலை மவுஸை அசைத்த உடனே யாரும் உணர்வார்கள். மூன்றாவதை உணர நாள்தோறும் மணிக்கணக்கில் ஷூட்டர் ஆடிய கை வேண்டும்.

அசையும் பொருளின் தெளிவும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. திரையில் விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடும் ஒன்றைக் கண் பின்தொடர்ந்தால், 60 ஹெர்ட்ஸில் அது சுமார் 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும். 240இல் 4 பிக்சல். தூரத்தில் சுவரோரம் எட்டிப் பார்க்கும் எதிரியின் தலையே ஏழெட்டு பிக்சல்தான் இருக்கும் என்னும்போது இந்த வித்தியாசம் உயிர்போகும் விஷயம்.

கேமும் ஒத்துழைக்கவேண்டும். எல்டன் ரிங் 60 ஃபிரேமில் பூட்டப்பட்டிருக்கிறது. 21:9 திரையிலும் இரு பக்கமும் கறுப்புப் பட்டைதான். வேலரன்ட்டும் 16:9 பார்வையைத் தாண்டவிடாது. போட்டி கேம்களில் அகலத்தை நம்பி இறங்கவே வேண்டாம். கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடும் பலர் 4:3க்குச் சுருக்கி இழுத்து ஆடுகிறார்கள், அல்ட்ராவைடுக்கு நேர்எதிர்த் திசை அது. கார் ரேஸ், விமான சிமுலேட்டர், திறந்த உலகக் கதை கேம்கள், வியூக கேம்கள் ஆகியவற்றில் அகலம் நிஜமாகவே பலன் தரும். 16:9இல் கிடைமட்டப் பார்வை 90 டிகிரி என்றால், பக்கவாட்டில் விரியும் கேம்களில் அது 21:9இல் 107 டிகிரி ஆகிறது. ஓரங்களில் உருவங்கள் சற்று இழுபட்டுத் தெரியும், அதற்கு மருந்து இல்லை.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 21:9ஐ ஆதரிப்பதில்லை. கன்சோலும் அதே மானிட்டரில்தான் என்றால் 16:9 வாங்குங்கள்.

அளவில் ஏமாறும் இடம்

34 இன்ச் அல்ட்ராவைடு 27 இன்ச் சாதாரண மானிட்டரின் உயரம்தான், சுமார் 33 செ.மீ. அகலம் மட்டும் 60இலிருந்து 80 செ.மீ. ஆகிறது. 29 இன்ச் அல்ட்ராவைடின் உயரம் 23 இன்ச் மானிட்டரின் உயரம். இப்போது 27 இன்ச் வைத்திருப்பவர் 29க்கு மாறினால் திரை குட்டையாகிவிட்டதாகவே தோன்றும்.

இன்னொரு பொறி: விலை குறைந்த 34 இன்ச் மானிட்டர்களில் சில 2560×1080 ரெசல்யூஷன். ஒரு இன்ச்சுக்கு 82 பிக்சல்தான் வரும், எழுத்துகளின் ஓரம் பல்லிளிக்கும். 27 இன்ச்சில் 1080பி வாங்கினாலும் இதே 82தான். 34இல் 3440×1440, 27இல் 2560×1440 என்றால் இன்ச்சுக்கு 109 பிக்சல். கேமுக்கும் எழுத்துக்கும் ஒத்துவரும். 1080பியில் 240 ஹெர்ட்ஸ் வேண்டும் என்பவர் 24 இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

மேஜையை அளந்துவிடுங்கள். ஸ்பீக்கரும் வைக்கவேண்டும் என்றால் 120 செ.மீ. அகலம் வேண்டும். கண்ணுக்கும் திரைக்கும் 70 செ.மீ. இடைவெளி இல்லாவிட்டால் அல்ட்ராவைடின் இரு முனைகளையும் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். ஸ்டாண்டுக்குப் பதில் மானிட்டரைத் தாங்கும் ஆர்ம் போடுபவர்கள், ஸ்டாண்டு இல்லாமல் மானிட்டர் எத்தனை கிலோ என்று பார்த்து வாங்குங்கள். வளைந்த திரையின் எடை முன்பக்கம் தள்ளி நிற்பதால், கிலோ கணக்கு சரியாக இருந்தும் தலை கவிழும் ஆர்ம்கள் உண்டு.

வேலைக்கு

இங்கே அல்ட்ராவைடுக்குப் போட்டியே இல்லை. 3440 பிக்சலை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 1146. புரோகிராம் கோடு ஒரு பக்கம், பிரௌசர் நடுவில், குறிப்பு மறுபக்கம். மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியான பவர்டாய்ஸில் உள்ள ஃபேன்சிஸோன்ஸ் கொண்டு கட்டங்களை நிரந்தரமாக அமைத்துக்கொள்ளலாம். மீட்டிங்கில் மட்டும் கவனம் தேவை: முழுத்திரையைப் பகிர்ந்தால் எதிரில் லேப்டாப்பில் பார்ப்பவருக்கு எழுத்து எறும்பு அளவுக்கு வந்துவிடும். தேவையான ஆப்பின் ஜன்னலை மட்டும் பகிருங்கள்.

படம் பார்ப்பதில், 2.39:1 விகிதத்தில் எடுத்த சினிமா திரை முழுக்க நிறையும். 16:9 வீடியோக்களுக்கு இரு பக்கமும் 440 பிக்சல் கறுப்பாக நிற்கும்.

பேனல்

அல்ட்ராவைடுகளில், குறிப்பாக விலை குறைந்தவற்றில், விஏ வகை பேனல்தான் அதிகம். கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் இருட்டான நிறத்திலிருந்து இன்னொரு இருட்டான நிறத்துக்கு மாறத் திணறும். கடையில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: கருஞ்சாம்பல் பின்னணியில் வெள்ளை எழுத்துள்ள ஒரு பக்கத்தைத் திறந்து வேகமாக ஸ்க்ரோல் செய்யுங்கள். எழுத்துக்குப் பின்னால் அழுக்கு நிழல் போல ஒன்று இழுபட்டு வந்தால், இரவுக் காட்சிகளில் அதே நிழல் எல்லாவற்றின் பின்னாலும் வரும். 165 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் இந்தக் கறை போகாது. ஐபிஎஸ் வகை பேனலில் இது பெரும்பாலும் இல்லை. பதிலுக்குக் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஓலெட் வகை பேனல் இரண்டையும் தீர்த்துவிடுகிறது. ஆனால் ஒரே டாஸ்க்பார் நாளெல்லாம் அசையாமல் நிற்கும் அலுவலக வேலைக்குத் தடம் பதியும் அபாயம் இருக்கிறது. ஒரு பிக்சலுக்குள் இருக்கும் நிறப் புள்ளிகளின் (துணைப்பிக்சல்) அமைப்பு வேறு என்பதால் பல ஓலெட்களில் எழுத்தின் ஓரம் லேசாக நிறம் கசியும்.

‘1 மில்லிவிநாடி’ என்ற விளம்பர வரியில் எம்பிஆர்டி என்று சேர்ந்திருந்தால் அது பேனல் நிறம் மாறும் வேகம் அல்ல. பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுப் பெறும் எண். திரை மங்கும், பெரும்பாலான மானிட்டர்களில் அந்த நேரம் ஃப்ரீசிங்க் (கார்டு தரும் ஃபிரேமுக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் வசதி) வேலை செய்யாது.

ஃப்ரீசிங்க் எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து எத்தனை ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் என்ற எல்லையையும் பாருங்கள். 48–144 என்றால், ஃபிரேம் 48க்குக் கீழே விழும்போது மானிட்டர் ஒரே படத்தை இருமுறை காட்டிச் சமாளிக்கும். 48–75 என்றால் இரட்டிக்க இடமில்லை, 40 ஃபிரேமில் இழுப்பு அப்படியே தெரியும். கார்டு தடுமாறப்போவது அல்ட்ராவைடில்தான் என்பதால், அங்கே இந்த எண் இன்னும் முக்கியம்.

கேபிள், செட்டிங்

எச்டிஎம்ஐ 2.0 வழியாக 2560×1440 திரைக்கு 144 ஹெர்ட்ஸ் போகும். 3440×1440 திரைக்குப் பொதுவாக 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிஸ்ப்ளே போர்ட் 1.4 இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பழைய லேப்டாப்பில் எச்டிஎம்ஐ 1.4தான் என்றால் 3440×1440இல் பல சமயம் 60கூட வராது. லேப்டாப்பில் யூஎஸ்பி-சி வழியே வீடியோ வருமா என்று பாருங்கள்.

கேபிளைக் கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. விண்டோஸ் பல சமயம் 60 ஹெர்ட்ஸிலேயே தொடங்கும். ‘செட்டிங்ஸ் – சிஸ்டம் – டிஸ்ப்ளே – அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ போய் உயர்ந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். மாதக்கணக்கில் 60இலேயே ஓடும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் ஊரில் ஏராளம். பிறகு மானிட்டரின் மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்கை ஆன் செய்யுங்கள். பிக்சல் நிறம் மாறுவதை வேகப்படுத்தும் ஓவர்டிரைவை நடுநிலையில் வையுங்கள். உச்சத்துக்கு ஏற்றினால் அசையும் பொருளின் பின்னால் வெளிறிய வெள்ளை நிழல் கிளம்பும்.

எதை எடுப்பது

ஆடுவதில் பெரும்பகுதி வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற போட்டி கேம்கள், சோதனை 2இல் பிராசஸர் 200க்கு மேல் தருகிறது என்றால் 27 இன்ச், 2560×1440, 240 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ். பகலில் வேலை, இரவில் கதை கேம், சோதனை 1இல் 70 ஃபிரேமுக்குக் குறையவில்லை என்றால் 34 இன்ச் 3440×1440. அதில் 144 ஹெர்ட்ஸே போதும். 175க்காகக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல பேனலில் போடுங்கள்.

சோதனை 1இல் 50க்குக் கீழே விழுகிறவர்கள் அல்ட்ராவைடைத் தள்ளிப்போடுவது நல்லது. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போட்டுச் சமாளிக்கலாம் என்றாலும், வாங்கிய முதல் நாளிலேயே அதை நம்பி நிற்பது அடுத்த வருட கேம்களுக்கு இடம் வைக்காது. இரண்டு ஆசையும் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி: 27 இன்ச் 165 ஹெர்ட்ஸ் ஒன்று, பக்கத்தில் சாதாரண 24 இன்ச் ஒன்று. நடுவில் மானிட்டர்களின் விளிம்பு தெரியும், கேம் ஒன்றில்தான் ஓடும். ஆனால் கார்டுக்கு 2560×1440 சுமைதான், வேலைக்கு இடமும் கிடைத்துவிடுகிறது.

எதை வாங்கினாலும் திருப்பித் தரும் காலக்கெடு முடியும் முன் மூன்றைப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை மாற்றி மாற்றிச் செத்த பிக்சல் தேடுங்கள். இருட்டறையில் கறுப்புத் திரையை வைத்து மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். ஃப்ரீசிங்க் ஆனில் இருக்கும்போது கேமின் லோடிங் திரை படபடவென மினுங்குகிறதா என்று கவனியுங்கள். விஏவிலும் ஓலெட்டிலும் இது வரும், லோடிங்கில் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், ஆட்டத்தின் நடுவிலும் மினுங்கினால் பெட்டியோடு திருப்பி அனுப்புங்கள். அதுவரை பெட்டியையும் தெர்மக்கோலையும் எறியாதீர்கள்.