இழுவைச் சோதனையில் நழுவிய ஐபோல்ட்: கோளாறு துளைக்குள்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மொட்டைமாடி. வெளிக் கண்ணாடி துடைப்பவர்கள் கயிறு மாட்டும் ஐபோல்ட்டுகளுக்கு (தலையில் வளையமுள்ள போல்ட்டுகள்) சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொங்கிறீட்டில் துளையிட்டு, ரெசின் என்ற இறுகும் பசை வைத்துப் பதித்தவை. சோதனை: 6 கிலோநியூட்டன் விசையில் 15 விநாடி இழுப்போம், அசையவே கூடாது. சில நின்றன, சில பாதி இழுவையிலேயே மெல்ல மேலே வந்தன.

முதலில் இழுவிசையை அளக்கும் மீட்டரைச் சந்தேகித்தோம். வேறு மீட்டரிலும் அதேதான். குளிரில் ரெசின் இறுகவில்லையோ என்று கூடுதலாக நாள் விட்டோம். மாற்றமில்லை. கொங்கிறீட்டில் வெடிப்பும் இல்லை.

ஒன்றை முழுதாக இழுத்தெடுத்தபோதுதான் விளங்கியது. ரெசின் கல்லாக இறுகி போல்ட்டின் மரையைக் கவ்வியிருந்தது. ரெசினின் வெளிப்புறத்தில் மட்டும் சாம்பல் நிறப் படலம். நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. ரெசின் பிடித்தது தூசியை, கொங்கிறீட்டை அல்ல! பனிமூட்டத்தில் நனைந்த தளத்தில் துளையிட்டால் தூள் சேறாகித் துளையின் உட்சுவரில் அப்பிவிடும். வெறும் காற்றுப் பம்புக்கு அது அசையாது. நழுவியவை எல்லாம் தண்ணீர்த் தாங்கியின் ஈரம் காயாத நிழல் பக்கம் இருந்ததும் இதனால்தான்.

பழைய துளைகளைச் சுருங்காத சாந்தால் அடைத்து, தள்ளிப் புதிதாகத் துளைத்தோம். 18 மி.மீ. துளைக்கு 20 மி.மீ. கம்பித் தூரிகை. உள்ளே இறுக்கமாக உரச வேண்டும். தளர்வாகப் போனால் தேய்ந்த தூரிகை, வேண்டாம். தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி, ஊதி, தூரிகை போட்டு, மறுபடி ஊதி, அடியிலிருந்து ரெசின் நிரப்பினோம். இறுகும் நேரத்தைக் கொங்கிறீட்டின் வெப்பநிலைக்குப் பாருங்கள், காற்றினதற்கு அல்ல, ஈரமென்றால் இரட்டிப்பு. எல்லாம் நின்றன, பெரிய நிம்மதி.