பத்து இருபது எலக்ட்ரான் ஸ்பின்களை ஸ்க்விட் வைத்துப் பிடிப்பது எப்படி

ஸ்க்விட் என்பது இரண்டு மெல்லிய பாலங்கள் கொண்ட மீக்கடத்தி வளையம், தனக்குள் நுழையும் காந்தப் பாயத்தை அளக்கும் கருவி. எலக்ட்ரானின் ஸ்பின்னோ ஒரு குட்டிக் காந்தம். முதலில் ஒரு கணக்கு. வளையத்தின் நடுவில், தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் ஒரு ஸ்பின் எவ்வளவு காந்தப் பாயம் தரும்? எலக்ட்ரானின் செவ்வியல் ஆரத்தை (2.8 ஃபெம்டோமீட்டர்) வளையத்தின் ஆரத்தால் வகுத்தால் போதும், விடை பாயக் குவாண்டம் (மீக்கடத்தி வளையத்தில் பாயம் மாறும் மிகச் சிறிய படி) அலகிலேயே வந்துவிடும். 100 நானோமீட்டர் ஆர வளையம் என்றால் 28 நானோ குவாண்டம். 1 மைக்ரான் என்றால் 2.8 தான். எல்லோரும் குட்டி வளையத்துக்கு அலைவது இதனால்தான். 2013இல் வெய்ஸ்மன் நிறுவனத்தில் எலி ஸெல்டோவ் குழு, குவார்ட்ஸ் குழாயை ஊசிபோல இழுத்து, நுனியில் ஈயம் படியவைத்துச் செய்த ஸ்க்விட்டின் விட்டம் வெறும் 46 நானோமீட்டர். ஒரு ஸ்பின்னுக்கும் கீழே போகும் உணர்திறன் அதில் கிடைத்தது.

நம்மிடம் இருப்பது நயோபியப் படலத்தில் அயனிக் கற்றையால் செதுக்கிய 100 நானோமீட்டர் ஆர வளையம், இரைச்சல் வர்க்கமூல ஹெர்ட்ஸுக்கு 200 நானோ குவாண்டம் (ஏறக்குறைய ஒரு விநாடி அளந்தால் மிஞ்சும் பிழை) என்று வைத்துக்கொள்வோம். 200ஐ 28ஆல் வகுத்தால் 7 ஸ்பின். "அட, ஏழுதானா" என்று குதிக்க வேண்டாம். அது எல்லா ஸ்பின்னும் ஒரே பக்கம் பார்த்தால் கிடைக்கும் எண். 4.2 கெல்வினில் 100 மில்லிடெஸ்லா புலத்தில் ஒருங்கமைவு (ஸ்பின்கள் ஒரே பக்கம் திரும்பியிருக்கும் அளவு) 1.6 சதவீதம்தான், அதனால் அந்த 7, 440ஐத் தாண்டிவிடும். அதே புலத்தில் 50 மில்லிகெல்வினுக்கு இறக்கினால் 87 சதவீதம், அப்போது எட்டு ஸ்பின்னில் நிற்கும். இரைச்சலைப் பாதியாக்க மாதக்கணக்கில் மல்லாடுவதைவிட மில்லிகெல்வினுக்கு இறக்கும் நீர்த்தல் குளிர்விப்பியில் இடம் கேட்டு வாங்குவது மேல்.

அப்புறம் புலத்தின் திசை. செங்குத்தாகக் கொடுத்தால் காந்தப் பாயச் சுழிகள் படலத்துக்குள் நுழைந்து எல்லாவற்றையும் கெடுக்கும், அதனால் புலம் படலத்தின் தளத்திலேயே கிடக்க வேண்டும். ஆனால் அப்போது ஸ்பின்னும் தளத்தோடு படுத்துவிடும், வளையத்தின் நடுவில் வைத்தால் பாயம் பூஜ்யம்! எனவே மாதிரியை நடுவில் வைக்காமல், மெல்லிய பாலத்தின் மேலேயே வையுங்கள், புலம் பாலத்துக்குக் குறுக்கே போகட்டும். இரண்டு பாலத்திலும் வைக்காதீர்கள், ஒன்றின் சமிக்ஞை மற்றதை அழிக்கும். நான் முதல் தடவை ஒரு சொட்டு கரைசலைச் சில்லு முழுக்கப் பரப்பிவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று இரண்டு நாள் மின்னணுச் சுற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அளக்கும்போது மின்னோட்டத்தை மீக்கடத்தல் முறியும் மாறுநிலை மதிப்புக்குச் சற்று மேலே வைத்து, பாயத்தோடு மாறும் மின்னழுத்தத்தின் வளைகோடு செங்குத்தாக இருக்கும் இடத்தில் பூட்டுங்கள். நேரடியாக நீண்ட நேரம் சராசரி எடுப்பது பலிக்காது: 100 விநாடி எடுத்தால் பத்து மடங்கு மேம்பாடு என்பது எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவான வெள்ளை இரைச்சலுக்கு மட்டும்தான், தாழ் அதிர்வெண்ணில் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும்.

அந்தத் தாழ் அதிர்வெண் இரைச்சலுக்குக் காரணமே ஸ்பின்கள்தான் என்பதுதான் வேடிக்கை. மீக்கடத்திப் படலங்களின் மேற்பரப்பில் சதுர நானோமீட்டருக்குச் சுமார் அரை ஸ்பின் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. 100க்கு 100 நானோமீட்டர் பாலத்தில் அது 5,000! நாம் தேடுவது பத்து இருபது. அதனால் மாதிரி வைக்காத வெற்றுச் சில்லை அதே புலம், அதே வெப்பநிலையில் முதலில் முழுதாக ஓட்டிப் பதிந்துகொள்ளுங்கள், இதைத் தவிர்த்தவர் காட்டும் வரைபடத்தை நான் நம்புவதில்லை.

அதுவும் போதாது, மைக்ரோ அலையை விட்டுவிட்டுக் கொடுத்து, அந்தத் தாளத்தில் மாறும் சமிக்ஞையை மட்டும் லாக்-இன் பெருக்கியில் எடுங்கள். ஸ்பின்களைப் புரட்டும் மைக்ரோ அலையின் அதிர்வெண் டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ், ஆக 100 மில்லிடெஸ்லாவுக்கு 2.8. திறனைக் கூட்டினால் ஸ்க்விட்டே சூடாகி அதே தாளத்தில் ஆடும், ஜாக்கிரதை. மேற்பரப்பு ஸ்பின்களும் அதே இடத்தில் எழும் என்பதால், தனி அடையாளமுள்ள மாதிரியோடு தொடங்குவது நல்லது. சிலிக்கானில் பாஸ்பரஸ் என்றால் ஒத்ததிர்வுக் கோடு இரண்டாகப் பிரிந்து 4.2 மில்லிடெஸ்லா இடைவெளியில் நிற்கும், அந்த ஜோடி தெரிந்தால் பிடித்தது உங்கள் ஸ்பின்தான்.