பாப்பா பாட்டைக் குழந்தைக்குக் கற்பிக்கும் முறை

குழந்தைக்கு நாட்டுப்பற்றுப் பாடல் ஒன்றைக் கற்பிக்க விரும்பும் பெற்றோரும் ஆசிரியரும் பாரதியாரின் பாப்பா பாட்டிலிருந்து தொடங்கலாம். பெண்கள் இருவரைப் பெற்ற தகப்பன் பாடியது அது. குழந்தையை அருகில் அமர்த்திக்கொண்டு பேசும் குரலை அதன் ஒவ்வொரு கண்ணியிலும் கேட்கலாம்.

நாட்டைப் போற்றும் கண்ணிகளை முதலிலேயே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டு விளையாட்டில் தொடங்கி, குருவி, கோழி, காக்கை, பசு, நாய் என்று வீட்டைச் சுற்றியுள்ள உயிர்களிடம் குழந்தையை அழைத்துச் சென்று, படிப்பையும் வாய்மையையும் துணிவையும் சொன்ன பிறகுதான் நாட்டிடம் வருகிறது. வாசலில் திரியும் கோழியிடம் அன்பு கொண்ட பிள்ளைக்கே கண்ணால் காணாத இமயமும் சொந்தமாகும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே முதல் சில நாள்கள் அந்தக் கண்ணிகளோடு மட்டும் இருங்கள். காக்கைக்குச் சோறு வைக்கும் வேளையில் காக்கைக் கண்ணியைப் பாடினால் பொருள் தானே விளங்கிவிடும்.

‘வடக்கில் இமயமலை பாப்பா’ என்னும் கண்ணிக்கு முற்றமே போதும். குழந்தையை வடக்கு நோக்கி நிறுத்துங்கள். முகத்துக்கு நேரே இமயம், முதுகுக்குப் பின்னால் குமரிமுனை. இரு கைகளையும் விரித்தால் வலக்கைப் பக்கம் வங்காள விரிகுடா, இடக்கைப் பக்கம் அரபிக்கடல். பாடிக்கொண்டே இரண்டு மூன்று முறை இப்படி நின்ற குழந்தை பின்னர் வரைபடத்தைப் பார்க்கும்போது அதில் தன் உடம்பையே காணும்.

உச்சரிப்பில் ழகரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். ‘தமிழ்த்திரு நாடு’, ‘அமிழ்தில் இனியதடி பாப்பா’ ஆகிய இரண்டும் நாவுக்கு நல்ல பயிற்சி. நுனிநாக்கை மேல்நோக்கி வளைத்து, அண்ணத்தில் ஒட்டவிடாமல் ஒலிக்கச் சொல்லுங்கள். மேடைக்காகக் கத்திப் பாடவோ, சொல்லுக்குச் சொல் கையசைக்கவோ பழக்க வேண்டாம். பாப்பா என்று விளிக்கும் பாட்டுக்குப் பேச்சின் அளவான குரலே பொருந்தும்.

விழாவுக்காகப் பாட்டைச் சுருக்க நேர்ந்தாலும் ‘சாதிகள் இல்லையடி பாப்பா’ என்னும் கண்ணியை மட்டும் வெட்டாதீர்கள். நாட்டைத் தாயாகக் கும்பிடச் சொன்ன பாட்டு, அந்தத் தாயின் பிள்ளைகளுக்குள் உயர்வு தாழ்வு சொல்வது பாவம் என்று அங்கேதான் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் பற்று பாதியாகிவிடும். சாதி என்றால் என்ன என்று குழந்தை கேட்டால், அன்றைய பாடலை அத்தோடு நிறுத்திவிட்டு, அருகில் அமர்ந்து பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.