ரொறொன்ரோவில் பழைய வீடு வாங்குகிறீர்களா? பின்பக்கக் கூரையை அளந்து பாருங்கள்

கனடாவுக்கு வந்து முதல் வீடு தேடுகிறவர்கள் பேஸ்மென்ற்றுக்குத் தனிவாசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாமியறைக்கு இடம் பார்ப்பார்கள். பஸ் தரிப்பு எவ்வளவு தூரம் என்று நடந்தே பார்ப்பார்கள். பின்பக்கம், பத்தி இறக்கினமாதிரி யாரோ பிறகு ஒட்டிக் கட்டிய அறையின் கூரையை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. ஸ்காபரோ, நோர்த் யோர்க் பக்கத்துப் பழைய பங்களாக்களில் (இங்கே பங்களா என்றால் ஒற்றைத்தள வீடுதான்) இப்படி அறைகள் நிறைய உண்டு. பெரிய கூரை நல்ல சரிவாக இறங்கும். பின்னறையின் கூரையோ அதன் விளிம்புக்குக் கீழே அடங்கவேண்டும் என்பதற்காகப் படுத்துக் கிடக்கும். இரண்டின் மேலும் ஒரே ஷிங்கிள், அதாவது ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்கி ஆணியடிக்கும் தார்த் தகடு.

ஊரில் ஓட்டு வீட்டுக்கு வாட்டம் வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஷிங்கிளும் ஓட்டின் இனம்தான். தண்ணீரைக் கீழே தள்ளிவிடும், தேங்கி நிற்கிற தண்ணீரை அதால் தடுக்க முடியாது. அதனால் இங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கிடையாக 12 அங்குலம் போகும்போது கூரை எத்தனை அங்குலம் இறங்குகிறது? 4 அங்குலமோ அதற்கு மேலோ என்றால் வழமைபோல ஷிங்கிள் போடலாம். 2 அங்குலத்துக்கும் 4 அங்குலத்துக்கும் இடையில் என்றாலும் போடலாம், ஆனால் போடும் முறை வேறு. 2 அங்குலத்துக்குக் குறைந்தால் ஷிங்கிளே போடக்கூடாது. ஒன்ராறியோ கட்டடச் சட்டமும் இதையே மூன்றுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்று சொல்கிறது.

அளப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. ஓரடி நீர்மட்டத்தின் ஒரு முனையைக் கூரையில் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை மற்ற முனையைத் தூக்கிப் பிடியுங்கள். அந்த முனைக்கும் கூரைக்கும் இடையில் எத்தனை அங்குலம் என்று பாருங்கள். ஏணியில் நின்றே செய்யலாம், கூரையில் ஏறவேண்டாம்.

ஸ்காபரோவில் இருக்கும் என் நண்பருக்கு இதை அளந்து காட்ட ஆள் கிடைப்பதற்குள் ஒரு நல்ல பழைய கார் வாங்கும் காசு போய்விட்டது. மார்ச்சில் பனி உருகும் நேரம் பின்னறைச் சீலிங்கில் தேநீர் சிந்தினமாதிரி ஒரு கறை வந்தது. கோயிலில் அறிமுகமான ஒருவர் வந்தார். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை" என்று சொல்லி, வாளி நிறையத் தார் கொண்டுவந்து ஷிங்கிள் விளிம்பெல்லாம் பூசிவிட்டுப் போனார். அடுத்த மாரியில் கறை இரண்டானது. பிறகு வந்த கொந்தராத்துக்காரர் பழைய ஷிங்கிளின் மேலேயே புதுசு அடித்து, 25 வருட உத்தரவாதம் என்று ஒரு தாளும் கொடுத்தார். ஜனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் சுவரோரமாகத் தண்ணீர் இறங்கியது. உத்தரவாதத் தாளை எடுத்து வாசித்தால், குறைந்தபட்சச் சரிவு இல்லாத கூரைக்கு அது செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கடைசியில் வந்தவர் ஒரு வயதான போர்த்துக்கேயர். ஏணியில் ஏறி நீர்மட்டத்தை வைத்தார். ஒன்றரை அங்குலம். அவர் பேசின முழுப்பேச்சும் அந்த ஒன்றரைதான்.

தார் ஏன் கெடுதல் என்று விளங்கிக்கொள்ளுங்கள். படுத்த கூரையில் எப்படியும் கொஞ்சத் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் போகும். அது விளிம்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த விளிம்பை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று ஆணி ஓட்டைகளைத் தேடிப் பிடிக்கும், பலகை உக்கும். நண்பரின் கூரையைக் கழற்றியபோது பிளைவூட் கையோடு பிய்ந்து வந்தது.

மழையைவிடப் பனிதான் இங்கே பெரிய எதிரி. வீட்டுச் சூடு கூரையில் கிடக்கும் பனியை அடியிலிருந்து உருக்கும். உருகின தண்ணீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் திரும்ப உறைந்து வரம்பு கட்டிவிடும். 4 அங்குல உயர ஐஸ் வரம்பு என்று வையுங்கள். 12க்கு 6 இறங்கும் கூரையில் அதற்குப் பின்னால் தண்ணீர் 8 அங்குலம்தான் ஏறும். 12க்கு 2 இறங்கும் கூரையிலோ 24 அங்குலம் ஏறும். ஷிங்கிளின் மேற்பொருத்து எந்த மூலைக்கு?

சரி, என்ன செய்விப்பது? இரண்டுக்குக் கீழே என்றால் ஷிங்கிளை முழுதாகக் கழற்றி, உக்கின பலகையை மாற்றி, இரண்டு அடுக்கு பிற்றுமன் மெம்பிரேனோ (தண்ணீர் புகாத தார் விரிப்பு) ஈபிடிஎம் என்கிற றப்பர் விரிப்போ போடவேண்டும். இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் என்றால், விளிம்பில் மூன்றடிக்கு மட்டும் ஒட்டும் மெம்பிரேன் போட்டு நிறுத்தாமல் கூரை முழுவதற்கும் போடச் சொல்லுங்கள். அதன் மேல்தான் ஷிங்கிள். இரண்டிலும் பெரிய கூரையையோ சுவரையோ தொடும் இடம்தான் உயிர்நிலை. மெம்பிரேன் பெரிய கூரையின் ஷிங்கிளுக்கு அடியில் நன்றாக மேலேறவேண்டும், சுவர் என்றால் சைடிங்குக்கு, அதாவது சுவரின் வெளிமூடலுக்குப் பின்னால் ஏறவேண்டும். மேற்கூரைப் பீலியின் குழாய் கீழ்க்கூரையில் கொட்டிக்கொண்டிருந்தால் அதையும் நீட்டிக் கீழ்ப் பீலியில் விடுங்கள். முழுக் கூரைத் தண்ணீரையும் ஒரே இடத்தில் ஊற்றினால் எந்த ஷிங்கிள் தாங்கும்?

இதற்கெல்லாம் முன், அது உண்மையிலேயே ஒழுக்குத்தானா என்று பாருங்கள். குளியலறை விசிறியின் குழாயை வெளியே விடாமல் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் இருக்கும் அற்றிக்கில் விட்டிருந்தால் ஈரக்காற்று அங்கே உறைபனியாகப் படியும். வெயில் வந்ததும் உருகிச் சொட்டும். நாம் புட்டும் இடியப்பமும் அவிக்கிற வீடுகளில் சமையலறைக் குழாயையும் சேர்த்துப் பாருங்கள். கழிவறைக் காற்றுக்குழாய் கூரையைத் துளைத்து வரும் இடத்தில் இருக்கும் றப்பர் வளையம் வெடித்திருந்தாலும் ஒழுகும். அது ஒரு மணி நேர வேலை, அதற்காக முழுக் கூரையையும் கழற்ற விடாதீர்கள். கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை என்றும் நினைக்கவேண்டாம். தண்ணீர் பலகையோடு வழிந்து எங்கோ வந்து சொட்டும். கோடையில் தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து, உள்ளே ஒருவரை நிறுத்திப் பார்த்தால் இடம் பிடிபடும்.

கடதாசி விசயம் சுருக்கமாக. வாசலில் வைத்து 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினால், பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால் கடைசி விலை அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. வேலையாட்களுக்கு டபிள்யூஎஸ்ஐபி காப்பு, அதாவது வேலையில் காயப்பட்டால் நட்டஈடு தரும் ஒன்ராறியோக் காப்புறுதி, இருக்கிறதா என்று கேளுங்கள். புது வீடு என்றால் தண்ணீர் உள்ளே வருவதற்கு, புது வீடுகளின் உத்தரவாதத்தைப் பார்க்கும் டாரியன் அமைப்பில் 2 வருடக் காப்பு உண்டு. வீட்டு இன்சூரன்ஸ் நாளடைவில் வரும் ஒழுக்குக்குப் பொதுவாகக் காசு தராது. காசாகத் தந்தால் 13 வீத வரி மிச்சம் என்பார்கள், அப்புறம் ரசீதும் இருக்காது, ஆளும் இருக்காது. நம்மட ஆள்தானே என்று ரசீது கேட்க வெட்கப்படுகிற பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் எழுதுவியுங்கள்: அளந்த சரிவு எவ்வளவு, எந்த மெம்பிரேன் எதுவரை. டிசம்பரில் விலை குறைத்துச் செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தால், ஷிங்கிளின் ஒட்டுப்பட்டை வெயில் சூட்டில்தானே ஒட்டும், இந்தக் குளிரில் எப்படி ஒட்டப்போகிறீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். ஒவ்வொன்றாகக் கையால் பசை வைப்பேன் என்று சொல்கிறவரோடு மேற்கொண்டு பேசலாம்.