கண்ணாடியைப் போல்ட்டால் பிணைக்கும் முறை

உருக்குத் தகட்டில் துளையின் ஓரம் சற்று நெளிந்து சுமையைப் பகிர்ந்துவிடும். கண்ணாடி நெளியாது, ஆகவே துளை விளிம்பில் குவியும் இழுவைத் தகைப்பே (பொருளை இழுத்துப் பிரிக்க முனையும் உள்விசையே) வெடிப்பைத் தொடக்கிவிடுகிறது. இதனால், டெம்பர் செய்வதற்கு (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்குவதற்கு) முன்பே துளையிட்டு, நகத்தால் வருடினால் எங்கும் தட்டுப்படாத அளவுக்கு அதன் விளிம்பைத் தேய்த்துவிட வேண்டும். டெம்பர் செய்த பின்னர் துளைத்தால் கண்ணாடி முழுவதும் நொறுங்கிவிடும். 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடியில், துளையின் ஓரத்துக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் இடையே குறைந்தது 24 மில்லிமீற்றர் விடுங்கள்.

போல்ட்டின் உலோகம் கண்ணாடியைத் தொடவே கூடாது: இடையில் நைலோன் குழலும் இருபுறமும் மென்மையான வாஷரும் இருக்கட்டும். கைப்பலத்தை நம்பி இறுக்குவது நம் பட்டறைகளின் பழைய பழக்கம். இங்கே அது உதவாது, இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பானர் வேண்டும். யாழ்ப்பாணத்தின் உப்புக் காற்றுக்கு உப்பரிப்பை நன்கு தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டே பொருந்தும்.